ஒரு பெயர், ஒன்பது கம்பிகள்: மின்சுற்று வரைபடம் தாள்களாகப் பிரிந்த வரலாறு

நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் வாசிக்கலாம். மின்னணுவியல் எனது துறை அன்று. முதுகலையில் மொழியியல் பயின்று, இப்போது ஒலியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். ஆயினும் கடந்த ஐந்து மாதங்களாக நான் மிகுதியும் வாசித்தவை மின்சுற்று வரைபடங்களின் வரலாறு பற்றியவையே. அதற்குக் காரணம் ஒரு சிறிய பச்சைப் பலகை.

பேசும்போது வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் வெளியேறும் காற்றின் அளவைப் பதிவு செய்ய எட்டுத் தடங்கள் கொண்ட ஒரு கருவி எனக்குத் தேவைப்பட்டது. விலைக்கு வாங்கும் அளவிற்கு உதவித்தொகை இடம் தரவில்லை. விடுதியில் அடுத்த அறையில் இருக்கும் கருவியியல் துறை நண்பர் தாமே வடிவமைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். ஒரு தடத்திற்கான பெருக்கிச் சுற்றை ஒரு தாளில் வரைந்து, அத்தாளை எட்டு முறை பயன்படுத்தினார். மின்வழங்கலும் ஒப்பீட்டு மின்னழுத்தமும் வேறொரு தாளில் இருந்தன. இரு தாள்களிலும் அந்த மின்னழுத்தத்திற்கு ‘ரெஃப்’ என்றே பெயரிட்டிருந்தார். பிழை சோதிக்கும் கட்டளை எவ்விதக் குறையும் சொல்லவில்லை. பலகை அச்சாகி வந்தது, உறுப்புகள் பற்றவைக்கப்பட்டன, எட்டுத் தடங்களும் ஊமையாக இருந்தன.

மூன்று இரவுகள் மல்டிமீட்டருடன் அமர்ந்த பின்னரே காரணம் விளங்கியது. அவர் இட்ட ‘ரெஃப்’ என்னும் லேபிள் அந்தத் தாளுக்குள் மட்டுமே செல்லுபடியாகும் வகையைச் சார்ந்தது. மின்வழங்கல் தாளில் ஒரு ரெஃப். எட்டு முறை பயன்படுத்தப்பட்ட தாளில் எட்டு ரெஃப்கள். ஒரே பெயர் தாங்கிய, ஒன்றையொன்று அறியாத ஒன்பது கம்பிகள். மென்பொருள் தன் விதிப்படியே நடந்துகொண்டது. புதிய பலகை வருவதற்குள் குளிர்காலம் கடந்துவிட்டது. என் களப்பணியும் ஓராண்டு தள்ளிப்போனது. நண்பர் மன்னிப்புக் கேட்டார். எனக்கோ மன்னிப்பைவிட ஒரு கேள்வியே பெரிதாக நின்றது. ஒரு பெயர் எவ்வெல்லை வரை ஒரே பொருளைக் குறிக்கும் என்பது மொழியியலின் பழைய கேள்வி. அது எப்போது, யாரால் பொறியாளரின் கேள்வியாயிற்று?

தொடக்கத்தில் இச்சிக்கல் இல்லை. ஒரு வானொலிப் பெட்டியின் சுற்று ஒரே தாளில் அடங்கும். எது எதனோடு இணைகிறது என்பதைக் கோடே சொல்லிவிடும். பெயருக்கு அங்கு வேலை குறைவு. 1937இல் கிளாட் ஷானன் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற்கு அளித்த முதுநிலை ஆய்வேட்டில், ரிலே சுற்றுகளைப் பூலிய இயற்கணிதச் சமன்பாடுகளாக எழுதலாம் என்று காட்டினார். வரைபடத்திற்கு இணையாக ஓர் எழுத்து வடிவம் உண்டு என்பது அன்றே நிறுவப்பட்டுவிட்டது. ஆனால் பட்டறையில் நிற்பவருக்குச் சமன்பாடு போதாது. எந்த முனையில் கம்பி செருகப்பட்டிருக்கிறது, அது எந்தப் பலகையில் இருக்கிறது என்பன அவருக்கு வேண்டும். ஆதலால் வரைபடம் நிலைத்தது. கணினிகள் வளர வளர, தாளை மீறியும் வளர்ந்தது.

தாளை மீறிய வரைபடத்தை எப்படி ஆள்வது என்பதற்கு முதலில் பெரிய அளவில் விடை கண்டவர்களுள் ஐபிஎம் நிறுவனத்தார் குறிப்பிடத்தக்கவர்கள். தானியங்கித் தருக்க வரைபடங்கள் என்ற பெயரில் அவர்கள் உருவாக்கியவை மனிதக் கையால் வரையப்பட்டவை அல்ல. வரி அச்சுப்பொறி அடித்தவை. கோடுகளும் பெட்டிகளும் எழுத்துக்குறிகளாலேயே அமைந்திருக்கும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அந்த உறுப்பின் தொழில், அது அமர்ந்திருக்கும் அட்டையின் இடம் முதலியன சில வரிகளில் திணிக்கப்பட்டிருக்கும். உள்ளீடுகள் இடப்புறமிருந்து வரும். வெளியீடுகள் வலப்புறம் செல்லும். பக்க விளிம்பைத் தொடும் ஒவ்வொரு கோட்டிற்கும், அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எந்தப் பக்கத்திற்குச் செல்கிறது என்ற குறிப்பு உண்டு. 1964இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360 வரிசைக் கணினிகளின் வரைபடங்கள் இம்முறையில் தொகுதி தொகுதியாக வந்தன. பழுது பார்க்கச் சென்றவர் விரலால் ஒரு கோட்டைத் தொட்டு, பக்கம் புரட்டி, மீண்டும் தொட்டு, மீண்டும் புரட்டி நோயைத் தேடுவார். பக்கங்கள் பலவாயினும் சுற்று ஒன்றே, பக்கம் என்பது வெட்டுமட்டுமே என்பது இம்முறையின் அடிப்படை. இன்று இதனைத் தட்டையான அமைப்பு என்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான எண்ணம் 1963 ஜனவரியில் ஓர் ஆய்வேட்டில் வெளிப்பட்டது. லிங்கன் ஆய்வகத்தின் டிஎக்ஸ்-2 கணினியில் ஐவன் சதர்லாந்து உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் அது. திரையில் ஒளிப்பேனாவால் வரைவதே அதன் பெருமை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. என் பார்வையில் அதன் உயிர் வேறிடத்தில் உள்ளது. அதில் ஒரு மூல வரைபடத்தை வரைந்து, அதன் படிகளை எத்தனை இடங்களிலும் வைக்கலாம். மூலத்தைத் திருத்தினால் படிகள் அனைத்தும் திருந்திவிடும். படிக்குள் படி வைக்கவும் இயலும். என் நண்பர் ஒரு தாளை எட்டு முறை பயன்படுத்தியதன் கொள்ளுத்தாத்தா இதுவே.

சுவையான செய்தி என்னவென்றால், மின்சுற்று வரைவதில் ஸ்கெட்ச்பேட் சோபிக்கவில்லை. அதனை அவ்வாய்வேடே மறைக்காமல் சொல்கிறது. சுற்றுக் குறியீடுகள் பல தேவைப்பட்டன, வரைவது கடினமாக இருந்தது. வெறும் வரைபடம் மட்டுமே கிடைக்குமாயின் கணினியில் வரைவதால் பயனில்லை, வரைபடத்தைத் தாண்டி ஏதேனும் கிடைக்க வேண்டும் என்னும் முடிவிற்குச் சதர்லாந்து வந்தார். அந்த ‘ஏதேனும்’ எதுவென்று கண்டுபிடிப்பதற்கே அடுத்த இருபதாண்டுகள் செலவாயின.

அதற்கான முயற்சி ஒன்று ஸ்டான்போர்டு செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் நடந்தது. ‘சட்ஸ்’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஸ்டான்போர்டு வரைவு முறைமை, சூப்பர் ஃபூன்லி என்ற கணினியை வடிவமைக்கும் முயற்சியின் துணையாகப் பிறந்தது. அக்கணினி கட்டப்படவில்லை, அதன் வடிவமைப்பு டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் கேஎல்10க்கு அடித்தளமாயிற்று, கருவி மட்டும் பல இடங்களுக்குப் பரவியது. அந்நிறுவனத்தின் பெரிய கணினி வரைபடங்களில் கம்பிகளுக்குப் பெயரிட்ட முறை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பெயரின் முன்னே, அந்தச் சைகை எந்தத் தாளில் பிறக்கிறதோ அத்தாளின் குறி நிற்கும். பெயரின் இறுதியில் ‘எச்’ அல்லது ‘எல்’ என்ற ஓரெழுத்து நிற்கும். மின்னழுத்தம் உயர்ந்திருக்கும்போது அது மெய்யா, தாழ்ந்திருக்கும்போது மெய்யா என்பதை அவ்வெழுத்து சொல்லும். முன்னே ஊர், பின்னே துருவம். பெயருக்கு முன் ஊரின் முதலெழுத்தையும் தந்தையின் முதலெழுத்தையும் சுமந்து, வட இந்திய அலுவலகப் படிவங்களில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தின் முன் திகைத்து நிற்கும் தமிழனுக்கு இம்முறையை விளக்க வேண்டியதில்லை.

இவ்வரலாற்றில் நான் நெடுநேரம் நின்ற இடம் ஸ்கால்டு. 1970களின் பிற்பகுதியில், அமெரிக்கக் கடற்படையின் நிதியில், லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் எஸ்-1 என்னும் அதிவேகக் கணினி உருவானது. ஆயிரக்கணக்கான சிப்புகள் கொண்ட அதனை வடிவமைத்தவர்களுள் முதன்மையானோர் டாம் மெக்வில்லியம்ஸ், கர்ட் விட்டோஸ் என்ற இரு ஸ்டான்போர்டு ஆய்வு மாணவர்கள். ஒவ்வொரு சிப்பாக வரைந்தால் வாழ்நாள் போதாது என்று கண்டு, அவர்கள் அமைத்த முறைமையே கட்டமைக்கப்பட்ட கணினித் துணைத் தருக்க வடிவமைப்பு, சுருக்கப்பெயர் ஸ்கால்டு. 1978இல் அதுபற்றிய கட்டுரைகள் வெளியாயின. வரைவதற்குச் சட்ஸையே பயன்படுத்தினர். வரைந்ததைப் பொருள்கொள்வதில்தான் புதுமை.

கணினியின் மேல்நிலைப் படத்தில் சில பெரிய பெட்டிகளே இருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் அதன் உட்பொருளை விரிக்கும் தனி வரைபடம் உண்டு, அதற்குள்ளும் பெட்டிகள், அடியாழத்தில்தான் மெய்யான சிப்புகள். ஒரு பதிவகத்தை ஒரே ஒரு முறை வரைந்து அதன் அகலத்தைக் குறிப்பிட்டால் போதும்; அத்தனை பிட்டுகளுக்கும் வேண்டிய சிப்புகளை நிரல் தானே விரித்துக்கொள்ளும். சதர்லாந்து தேடிய ‘ஏதேனும்’ இங்கே கிடைத்தது. பொறியாளர் சிந்திக்கும் அளவில் வரைகிறார். பட்டறைக்கு வேண்டிய அளவில் கணினி எழுதுகிறது.

இன்னொன்றும் உண்டு, மொழியியலார் எவரும் இதைக் கடந்து சென்றுவிட முடியாது. ஸ்கால்டின் காலச் சரிபார்ப்பு நிரலில், சைகையின் பெயரே காலத்தைச் சுமந்தது. பெயரின் இறுதியில் ஒரு புள்ளி, ஓர் எழுத்து, பின் எண்கள். இச்சைகை கடிகாரச் சுழற்சியின் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை மாறாமல் நிற்கும், அல்லது இக்கடிகாரத் துடிப்பு எப்போது எழும் என்பதை அந்த ஒட்டு உரைக்கும். நிரல் அவ்வொட்டுகளை நம்பி ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே சோதிக்கும். பிற பகுதிகள் இன்னும் வரையப்படாதிருந்தாலும் சோதிக்கும். வினைமுற்றின் உள்ளே இடைநிலை அமர்ந்து காலங்காட்டும் மொழியில் வளர்ந்த எனக்கு, கம்பியின் பெயருக்குக் கால விகுதி உண்டென்று அறிந்த இரவு உறக்கம் வரவில்லை. (மிகையன்று. அடுத்த அறை நண்பரை எழுப்பிச் சொன்னேன். அவர் மகிழவில்லை.)

அதே ஆண்டுகளில், ஒற்றைச் சிப்புக்குள் பல்லாயிரம் டிரான்சிஸ்டர்களை அடுக்கும் கலைக்கும் படிநிலை இன்றியமையாததாயிற்று. கார்வர் மீடும் லின் கான்வேயும் எழுதி 1980இல் வெளிவந்த பாடநூல் ஒரு தலைமுறை மாணவர்களுக்கு அதனைக் கற்பித்தது. லின் கான்வே 1968இல் பாலின மாற்றம் மேற்கொள்ளவிருந்ததற்காக ஐபிஎம்மிலிருந்து நீக்கப்பட்டவர். புதிய பெயரோடு, முன்பு செய்த பணிகள் எதையும் சொல்ல முடியாமல், தொழிலை அடியிலிருந்து தொடங்கியவர். பழைய பெயரில் அங்கே அவர் செய்த கண்டுபிடிப்பும் புதிய பெயரில் எழுதிய நூலும் ஒருவருடையவை என்பதைப் பல்லாண்டுகள் உலகம் அறியவில்லை. 2020இல் அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2024இல் அவர் மறைந்தார்.

1980களின் வணிகக் கதையை விரைந்து கடக்கிறேன். டெய்சி, மென்டர் கிராபிக்ஸ், மெக்வில்லியம்ஸும் விட்டோஸும் பங்கேற்றுத் தொடங்கிய வேலிட் ஆகிய மூன்று நிறுவனங்கள் விலையுயர்ந்த பணிநிலையங்களில் வரைவு மென்பொருளை விற்றன. 1985இல் அமெரிக்காவின் ஓரிகனில் ஆர்கேட், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் புரொட்டெல் ஆகியன தோன்றி, இக்கலையைச் சாதாரண மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தன. புரொட்டெல்லின் வழிவந்ததே இன்றைய ஆல்டியம். அதே 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் பெங்களூரில் தொடங்கிய மையத்தின் தொடக்கப் பணிகளும் சிப் வடிவமைப்பிற்கான மென்பொருள் எழுதுவதே. இந்தியாவில் சிப் வடிவமைப்பு வரலாற்றை எழுதுவோர் சிப்பிலிருந்து தொடங்குகின்றனர். வரைபலகையிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி நெட்லிஸ்ட். வரைபடத்தின் கோடுகளையும் வண்ணங்களையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது ஒரு பட்டியல்: இந்தப் பெயருடைய கம்பியில் இன்னின்ன உறுப்புகளின் இன்னின்ன முனைகள். 1973இல் பெர்க்லியில் வெளியான ஸ்பைஸ் உருவகப்படுத்தல் நிரலுக்கு வரைபடமே தேவையில்லை. பட்டியலைக் கொடுத்தால் போதும். அதில் முனைகளுக்கு எண்களே பெயர். பூச்சியம் என்றால் கிரவுண்ட். பலகையை அச்சிடுபவருக்கும் இறுதியில் வேண்டியது இப்பட்டியலே. படிநிலை முழுவதும் இங்கே கரைந்துவிடுகிறது. எட்டு முறை வைத்த தாள் எட்டு மடங்கு உறுப்புகளாக விரிந்துவிடும். பெயர்கள் தம் முகவரியையும் சேர்த்துக்கொண்டு நீளும். வாக்கியத்தின் அடைப்புக்குறி அமைப்பைப் பேச்சில் எவரும் உச்சரிப்பதில்லை. கேட்பவர் அதனை மீட்டெடுக்கிறார். மின்சாரமோ எதையும் மீட்டெடுக்காது. அதற்குத் தாள் என்றால் என்னவென்றே தெரியாது.

ஆகவேதான் பெயர்களின் எல்லை பற்றிய விதிகள் கடுமையாக உள்ளன. இன்று பரவலாகப் பயன்படும் கிகேட் போன்ற மென்பொருள்களில் லேபிள்கள் மூவகை. தாளுக்குள் மட்டும் வழங்குவது ஒன்று. வீட்டில் ‘தம்பி’ என்றால் யாரென்று அவ்வீட்டாருக்குத் தெரியும், அடுத்த வீட்டுத் தம்பி வேறு. எல்லாத் தாள்களிலும் ஒன்றையே குறிப்பது மற்றொன்று. இது ‘இமயம்’ என்பது போல. மூன்றாவது, தாளின் வாசலில் நிற்பது. உள்ளே ஒரு லேபிளும், வெளியே அத்தாளைக் குறிக்கும் பெட்டியின் விளிம்பில் அதே பெயருடைய முனையும் இருக்கும். வெளியே எந்தக் கம்பியை அம்முனையில் சேர்க்கிறோமோ அதுவே உள்ளே வரும். தொல்லை என்னவென்றால், திரையில் இம்மூன்றும் எழுத்தளவில் ஒன்றே. சுற்றியுள்ள கட்டத்தின் வடிவமே வேறு. நள்ளிரவில் வரைபவர் கண்ணுக்கு அவ்வேறுபாடு தெரிவதில்லை. எங்கள் பலகையில் பிழை சோதனை ஏன் மௌனமாக இருந்தது என்பதும் இதனால் விளங்கும். ஒவ்வொரு ரெஃப்பிலும் மின்தடையோ மின்தேக்கியோ இணைந்திருந்தது; எக்கம்பியும் அந்தரத்தில் தொங்கவில்லை. ஒன்பது வாக்கியங்களும் இலக்கண வழுவற்றவை.

தட்டை அமைப்பா, படிநிலையா என்ற பூசல் பொறியாளர்களிடையே இன்றும் ஓயவில்லை. படிநிலையைத் தூக்கிப் பிடிப்போர் பெரும்பாலும் வடிவமைப்பவர்கள். எதிர்ப்போர் பெரும்பாலும் பழுது பார்ப்பவர்கள்; அவர்கள் தரப்பு எனக்கு நியாயமாகவே படுகிறது. எட்டு முறை வைத்த தாளில் ‘ஆர்1’ என்றிருந்தால், கையிலிருக்கும் பலகையில் அது எட்டு வெவ்வேறு எண்களுடன் இருக்கும். முதல் தடத்தில் 101, இரண்டாவதில் 201 என்று தாள் எண்ணை நூற்றால் பெருக்கிச் சேர்க்கும் வழக்கம் ஓரளவு கைகொடுக்கிறது. ஆனாலும் கருவி முனையைப் பலகையில் வைத்திருப்பவருக்கு ஒரு தாளில் ஒரு மெய்யான பொருள் மட்டும் இருப்பதே உகந்தது.

தில்லி நேரு பிளேசிலும் பெங்களூர் எஸ்.பி. சாலையிலும் சென்னை ரிச்சி தெருவிலும் மடிக்கணினி பழுது பார்ப்போர் அன்றாடம் கையாளும் மதர்போர்டு வரைபடங்கள் தட்டையானவை. பல பத்துப் பக்கங்கள் கொண்ட பிடிஎஃப் கோப்புகள். அவர்கள் பக்கம் புரட்டுவதில்லை. கம்பியின் பெயரைத் தேடல் கட்டத்தில் இடுகிறார்கள். அப்பெயர் வரும் எல்லா இடங்களும் வரிசையாகக் கிடைக்கின்றன. ஐபிஎம் அச்சிட்ட பக்க விளிம்புக் குறிப்பின் பணியை இன்று பெயரே செய்கிறது. ஆனால் அக்கோப்புகளைத் தயாரிப்பாளர்கள் பொதுவாக வெளியிடுவதில்லை. எங்கிருந்தோ கசிந்து, கை மாறி, வாட்ஸ்அப் குழுக்களில் உலவுபவையே அவை. 2022இல் நுகர்வோர் நலத்துறை பழுது நீக்கும் உரிமைக்கான குழுவை அமைத்தபோது பேசப்பட்ட செய்திகளுள் கையேடுகளும் வரைபடங்களும் அடங்கும். வரைபடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் நம் தெருக்களில் உள்ளனர்; வாசிக்க உரிமையில்லை.

கோப்பின் வடிவமும் இத்தகையதே. ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் வரைந்ததை, அந்நிறுவனம் விற்கப்பட்டு மென்பொருள் கைவிடப்பட்டபின் திறப்பது அரிது. 1992இல் பிரான்சில் ழான்-பியர் ஷரா தொடங்கிய கிகேட் கட்டற்ற மென்பொருள். 2013 முதல் செர்ன் ஆய்வகம் அதன் வளர்ச்சிக்குப் பங்களித்தது. மும்பை ஐஐடியின் ஃபாஸி திட்டம் மாணவர்களுக்கு வழங்கும் ஈசிம் மென்பொருளிலும் வரைவதற்குக் கிகேட்டே உள்ளது. 2021இன் இறுதியில் வெளியான அதன் ஆறாம் பதிப்பிலிருந்து, சுற்றுக் கோப்பைச் சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்தால் அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக எழுதப்பட்ட பாடம் தெரியும். லிஸ்ப் மொழிக்காக ஜான் மெக்கார்த்தி வகுத்த வடிவத்தின் வழித்தோன்றல். தொடரமைப்பியல் வகுப்பில் முதலாமாண்டு முழுதும் நான் எழுதிக் களைத்த அடைப்புக்குறிகளேதாம்.

நண்பரின் கோப்பையும் அப்படித்தான் திறந்தேன். இரண்டாவது பலகைக்கு, ரெஃப்பை எல்லாத் தாள்களுக்கும் பொதுவான பெயராக்கிவிடலாம் என்று நான் சொன்னேன். ஒரு சொல்லை மாற்றினால் போதும். அவர் மறுத்துவிட்டார். நாளை இத்தாளை வேறொரு கருவியில் வைத்தால் அங்குள்ள வேறொரு ரெஃப்போடு சொல்லாமல் ஒட்டிக்கொள்ளும், வாசல் வழியாகவே வரட்டும் என்றார். எட்டுப் பெட்டிகளின் விளிம்பிலும் முனை வைத்து, மின்வழங்கல் தாளிலிருந்து ஒரு கோட்டை எட்டிற்கும் கையால் இழுத்தார். அதன்பின் நெட்லிஸ்டில் ரெஃப்பைத் தேடினோம். ஒரே ஓர் இடத்தில் வந்தது. அதன் கீழே எட்டுத் தடங்களின் முனைகளும் வரிசையாக நின்றன. பலகை சென்ற வாரம் வந்து சேர்ந்தது. ஆறாவது தடத்தில் மட்டும் சற்று இரைச்சல் இருக்கிறது; பற்றவைப்பில் குறை என்கிறார். டிசம்பருக்குள் சரியாகிவிடும்.